படத்துக்கும் உரை வேண்டுமா?

திருக்குறளை உரையில்லாமல் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பரிமேலழகர் இல்லாவிட்டால் மு.வ. இருப்பார், அவரும் இல்லாவிட்டால் தேர்வுக்கு முதல் நாள் ஆசிரியர் எழுதிப்போட்ட விளக்கமாவது இருக்கும். மூலம் ஒரு வரி என்றால் உரை பத்து வரி. அதுதான் நம் பழக்கம். குறளுக்கு மட்டும் பழைய உரையாசிரியர்கள் பதின்மர் என்பார்கள். இறையனார் அகப்பொருளுக்கு நக்கீரர் சொன்ன உரை பத்துத் தலைமுறை வாய்மொழியாகவே வந்தது என்று அந்த உரைநூலே கூறுகிறது. இப்படி உரையோடு வளர்ந்த நாம், தினமும் பார்க்கும் சினிமாவுக்கு மட்டும் உரை கேட்டதில்லை.

நான் சொல்வது டிவிடியில் வரும் உரைத்தடத்தை. படம் ஓடிக்கொண்டிருக்கும். வசனத்தின் ஒலியைத் தணித்துவிட்டு, இயக்குநரோ நடிகரோ விமர்சகரோ காட்சிக்குக் காட்சி பேசிக்கொண்டே வருவார். 1984-இல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க நிறுவனம் ‘கிங் காங்’ (1933) படத்தை லேசர் தட்டில் வெளியிட்டபோது, ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட வரலாற்றாளர் இப்படிப் பேசித் தொடங்கிவைத்தார். பின்னர் வந்த டிவிடியில் எட்டு ஒலித்தடங்கள் வரை வைக்கலாம். அதில் ஒன்றை உரைக்கு ஒதுக்குவது பெரிய காரியமில்லை.

அப்படியானால் அது ஏன் நம் வீடுகளுக்கு வரவில்லை? முதல் காரணம் விசிடி. ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் பிடிக்கும். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று தட்டுகள் ஆகிவிடும். ஒலிக்கு இடது, வலது என்று இரண்டே பக்கம். கராவோக்கே தட்டில் ஒரு பக்கம் இசையும் மறுபக்கம் பாடகர் குரலுமாகப் பிரித்து வைத்தது இதனால்தான். உரைக்கு அங்கே இடம் ஏது? டிவிடி வந்தபோதாவது கிடைத்திருக்கலாம். ஆனால் பாசார் மாலாமில் நாம் தேடியது ‘மூன்று படம் ஒரே தட்டில்’. மூன்று படங்களை ஒன்றில் திணிக்க வேண்டுமானால் மிச்சமெல்லாம் வெளியே போக வேண்டியதுதான். பாடல்களுக்குத் தனிப் பட்டியல் மட்டும் தப்பித்துக்கொண்டது!

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது ஸ்கூடாயில், விடுதியில். படிப்பை முடித்துப்போன மூத்த மாணவர் ஒருவர் முப்பது ஆங்கில டிவிடிகளை ஒரு பெட்டியில் விட்டுச் சென்றிருந்தார். அதில் ‘சிட்டிசன் கேன்’ இருந்தது. 1941-ஆம் ஆண்டுப் படம். முதல் முறை பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், பாதியில் கொட்டாவி வந்தது. பிறகு ரோஜர் ஈபர்ட் என்ற விமர்சகரின் உரைத்தடத்தைப் போட்டேன். அறையின் மேற்கூரையைப் பாருங்கள் என்கிறார். அந்தக் காலத்தில் படப்பிடிப்பு அரங்குகளுக்குக் கூரை கிடையாது, விளக்குகளும் ஒலிவாங்கியும் மேலேதான் இருக்கும். இந்தப் படத்திலோ கூரை தெரிகிறது. அது துணி! ஒலிவாங்கி துணிக்கு மேலே ஒளிந்திருக்கிறது. அன்றிலிருந்து எந்தப் படம் பார்த்தாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகிறது. அப்பா அம்மா இதை ஒரு நோய் என்று நினைக்கிறார்கள்.

எல்லா உரையும் இப்படி இருக்காது. பல நடிகர்களின் உரை, விருது மேடையில் நன்றி சொல்வதைப் போலத்தான். “இந்தக் காட்சியில் இவர் அற்புதமாக நடித்தார்” என்பதைச் சொல்ல உரை எதற்கு? கண்ணால் பார்க்கிறோமே. ஆனாலும் சிலவற்றில் உண்மை தவறி விழுந்துவிடும். ‘அர்மகெடான்’ (1998) படத்தின் உரைத்தடத்தில் பென் அஃப்லெக், எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களை விண்வெளி வீரர்களாக்குவதைவிட விண்வெளி வீரர்களுக்குத் தோண்டக் கற்றுக்கொடுப்பது சுலபமில்லையா என்று இயக்குநரிடமே கேட்டதாகவும், வாயை மூடச் சொன்னார் என்றும் சொல்கிறார். படத்தைவிட அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடித்திருந்தது.

என் அறைத் தோழர் இதை ஒப்புக்கொள்வதில்லை. படைத்தவன் வாய் திறந்தால் பார்ப்பவனின் கற்பனை செத்துவிடும் என்பது அவர் கட்சி. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால்தான் முதல் முறை பார்க்கும்போது உரையைப் போடக்கூடாது என்பது என் விதி. ஆனால் உரை என்பது தீர்ப்பு ஆகாது. பரிமேலழகர் சொன்னதை மறுத்து இன்றைக்கும் உரை எழுதுகிறார்களே! அவர் சொல்லிவைத்ததால்தானே மறுக்கவும் முடிகிறது.

ஈபர்ட்டின் கதை இன்னொன்றும் சொல்ல வேண்டும். புற்றுநோய் அறுவைச் சிகிச்சைகளால் 2006-இல் அவர் பேச்சை இழந்தார். ஸ்காட்லாந்தின் செரிபுரோக் என்ற நிறுவனம் அவருக்காகக் கணினிக் குரல் ஒன்றை உருவாக்க முன்வந்தது. அதற்கு அவருடைய பழைய பேச்சு வேண்டும்; பின்னணி இரைச்சல் கலக்காத பேச்சாக வேண்டும். தொலைக்காட்சிப் பதிவுகளைவிட, தனியே உட்கார்ந்து பேசிய அந்த உரைத்தடங்களே அதற்குக் கைகொடுத்தன. 2010-இல் ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சியில் அந்தக் குரலை அவர் கேட்கவைத்தார். 2013-இல் மறைந்தார். படத்தை விளக்கப் பேசிய பேச்சு, பேசியவருக்கே குரலாகத் திரும்பி வந்தது.

நம் பக்கம் வருவோம். ‘உதிரிப்பூக்கள்’ (1979) எடுத்த மகேந்திரன் 2019-இல் காலமானார். ‘வீடு’ படத்தின் மூலப் படச்சுருளே இல்லாமல் போய்விட்டதாக வருந்திய பாலுமகேந்திரா 2014-இல் காலமானார். மகேந்திரன் ‘சினிமாவும் நானும்’ என்ற நூலை விட்டுச் சென்றார். நல்லதுதான். ஆனால் காட்சி நகர நகர, இந்த வெளிச்சத்துக்கு எத்தனை மணிவரை காத்திருந்தோம் என்று சொல்லும் குரல் வேறு.

நம் ஜொகூர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். மூவாரில் பிறந்த யாஸ்மின் அகமட். அவருடைய ‘டேலண்டைம்’ 2009 மார்ச்சில் வெளியானது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். அதில் காது கேளாத மகேஷின் குடும்பம் தமிழ் பேசும் குடும்பம். ஆனால் பின்னணியில் வருவது இந்திப் பாடல். ஏன்? தமிழ்ப் பாடலே கிடைக்கவில்லையா, அல்லது அவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் ஒலித்ததா? கோபமாக இல்லை, ஆவலாகக் கேட்கிறேன். நான் தேடிப் பிடித்த தட்டில் உரைத்தடம் இல்லை. இனி அவரைக் கேட்கவும் முடியாது.

சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) வேறு. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதை வென்ற தமிழ்ப் படம். அதை எடுத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், இன்றைக்கே கேட்கலாம். ஆனால் தட்டுகளின் காலம் முடிந்து, படங்கள் இணைய ஓடைக்குப் போய்விட்டன. அங்கே உரைத்தடம் வைப்பது அரிது. தொழில்நுட்பம் தடையில்லை, கேட்பார் இல்லை, அவ்வளவுதான்.

போன விடுமுறையில் கூலாய் வீட்டில் அப்பாவோடு ‘ஜகாட்’ பார்த்தேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து ஓரங்களில் குடியேறிய தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கும் கதை. அப்பா தோட்டத்தில் பிறந்தவர். வழக்கமாகப் படம் பார்க்கும்போது தூங்கிவிடுவார். அன்று வாய் மூடவில்லை. “இந்தத் தகர வீட்டுல மழ வந்தா டிவி சத்தமே கேக்காதுலா. எல்லாரும் படத்த மட்டும் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.” “எங்க லயத்துலயும் இப்பிடித்தான் ஒரு மாமா இருந்தாரு. பேரு வேணாம், அவரு பிள்ளைங்க நல்லா இருக்காங்க.” படத்தில் அப்பா மகனை அடிக்கும் இடத்தில் மட்டும் பேச்சு நின்றது. தாத்தாவைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார்.

மறுவாரம் அதே படத்தை மறுபடி போட்டு, கைப்பேசியைப் பதிவில் வைத்து மேசைமேல் வைத்தேன். அப்பாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். முதல் பத்து நிமிடம் வானொலி அறிவிப்பாளர்போல் இலக்கணத் தமிழில் பேசினார்; சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு கைப்பேசியை மறந்துவிட்டார். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடப் பதிவு. பாதி மௌனம், நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிடுவது இரண்டு முறை. அந்த அடி விழும் காட்சியில் இந்த முறை அவர் எழுந்து போகவில்லை.