வீ என்னும் எழுத்தைத் தேடி

வான்கூவரில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு கோடையில், பழைய சஞ்சிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1955ஆம் வருஷம் மேற்கு ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரில் சோவியத் யூனியனை 5-0 என்று வென்று உலக ஐஸ் ஹாக்கிப் பட்டத்தைக் கொண்டுவந்த கனடிய அணியின் புகைப்படம் ஒன்று கண்ணில் பட்டது. அணியின் பெயர் பென்டிக்டன் வீஸ். ஓநாய் என்றும் கரடி என்றும் பருந்து என்றும் அணிகள் பெயர் சூட்டிக்கொள்ளும் ஓர் ஆட்டத்தில், ஆங்கில நெடுங்கணக்கின் ஓர் எழுத்தைப் பன்மையாக்கிப் பெயராக வைத்துக்கொள்ள ஓர் ஊருக்கு எப்படித் தோன்றிற்று? சர்ச்சில் இரு விரல்களை விரித்துக் காட்டிய யுத்த காலம் முடிந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. ஆகவே ஜயத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்துத்தான் அது என்று நிச்சயித்துக்கொண்டேன். அந்த நிச்சயம் பென்டிக்டன் போய்ச் சேரும் வரையில்தான் நின்றது.

ஓகனாகன் ஏரியின் தென்கோடிக்கும் ஸ்கஹா ஏரியின் வடகரைக்கும் இடையே ஒரு சமதளத்தில் அமைந்த ஊர் அது. மழை குறைந்த பள்ளத்தாக்கு. மலையோடைகளின் நீரைக் கால்வாய் வழியே கொணர்ந்து பாய்ச்சியதால்தான் அந்த வறண்ட சரிவுகள் பழத்தோட்டங்களாக மாறின. குளிர்காலத்திலும் ஓகனாகன் ஏரி எளிதில் உறைவதில்லை. ஆட்டத்துக்கு ஏற்ற பனித்தளத்தை இயற்கை தராத அவ்வூரில், யுத்தத்தில் உயிர்நீத்தவர்களின் நினைவாக ஓர் அரங்கம் கட்டிச் செயற்கைப் பனித்தளம் அமைத்த 1951ஆம் வருஷத்தில்தான் இந்த அணியும் பிறந்தது.

அதன்பின் நடந்தவை நம்புதற்கரிய வேகத்தில் நடந்தன. அந்நாளில் கனடா தேசிய அணி என்று தனியே ஒன்றைத் திரட்டுவதில்லை. 1908இல் ஏற்பட்ட ஆலன் கோப்பையை வெல்லும் 'சீனியர்' அணியை, அதாவது அமெச்சூராக ஆடும் வளர்ந்தவர்களின் அணியை, அது எந்த ஊரைச் சேர்ந்ததாயினும் உலகப் போட்டிக்கு அனுப்புவதே பெரும்பாலும் சம்பிரதாயமாக இருந்தது. 1954இல் ஸ்டாக்ஹோமில் முதன்முறையாகக் களமிறங்கிய சோவியத் அணி, கனடாவின் சார்பில் சென்ற ஈஸ்ட் யார்க் அணியை 7-2 என்று தோற்கடித்துவிட்டது. தன் சொந்த ஆட்டத்தில் பட்ட அவமானத்தைத் தேசம் முழுவதும் தாங்கமாட்டாமல் இருந்த அந்த வருஷமே, சட்பரி அணியை வென்று ஆலன் கோப்பையைப் பெற்றவர்கள் பென்டிக்டன்காரர்கள். கிராண்ட், பில், டிக் என்ற வார்விக் சகோதரர்கள் மூவரும் அணியில் இருந்தார்கள். மூத்தவரான கிராண்ட் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். பழத்தோட்டக்காரர்களின் சிற்றூர் ஒன்று ஒரு தேசத்தின் மானத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா சென்று, எட்டு ஆட்டங்களையும் வென்று, 66 கோல்கள் போட்டு ஆறே கோல்கள் கொடுத்துத் திரும்பியது. இறுதி ஆட்டம் நடந்த மார்ச் 6ஆம் தேதி, ஃபாஸ்டர் ஹெவிட்டின் வர்ணனையைக் கேட்பதற்காகக் கனடா முழுவதும் வானொலிப் பெட்டிகளைச் சூழ்ந்து அமர்ந்திருந்தது. கோல் காத்து நின்ற ஐவன் மெக்லெலண்ட் ஒரு கோலும் விடவில்லை.

இவ்வளவும் நூலகத்தில் ஒரே பிற்பகலில் கிடைத்தன. எழுத்தின் கதையோ நூலகத்தில் கிடைக்கவில்லை. ஊருக்கு வெளியே, பாதையோரப் பழக்கடை ஒன்றில் கிடைத்தது. கடையிலிருந்த முதியவரிடம் அணியின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அவர் ஜயத்தைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. வேலியன்ட், வெடெட், வெட்டரன் என்று விரல் மடக்கி எண்ணினார். மூன்றும் பீச் பழ வகைகள். அக்காலத்தில் அவை பள்ளத்தாக்கில் பரவலாகப் பயிராயின. மூன்றும் 'வீ' என்ற எழுத்தில் தொடங்கியதால் அணியும் வீஸ் ஆயிற்று என்றார். ஊர்க்காரர்கள் தங்கள் வீரர்களுக்குத் தங்கள் பழங்களின் பெயரையே இட்டார்கள் என்று கேட்டபோது என் மனம் நெகிழ்ந்துபோயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் மூன்று பழங்களுக்கும் ஒரே முதலெழுத்து எங்கிருந்து வந்தது? அதை விசாரித்தபோது, பாதை மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒன்டாரியோவின் நயாகரா தீபகற்பத்துக்கு இட்டுச் சென்றது. அங்கே வைன்லண்ட் என்ற ஊரில் 1906இல் ஏற்பட்ட தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில், மரங்களை ஒட்டுச்சேர்த்து, கன்றுகள் காய்க்கும் வரை வருஷக்கணக்காகக் காத்திருந்து, ஆயிரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த ஆராய்ச்சியாளர்கள், தங்கள் ஊரின் முதலெழுத்தையே புதிய வகைகளின் பெயர்களுக்கும் முதலெழுத்தாக வைத்தார்கள். ஆக, கிரேஃபெல்டில் ஒலித்த அந்த எழுத்து வைன்லண்டில் முளைத்து, பழமரத்தோடு மேற்கே பிரயாணம் செய்து, பனித்தளத்தில் ஏறியிருக்கிறது. அந்த நிலையத்தில் உழைத்தவர்களில் யாரும் ஹாக்கியை மனத்தில் வைத்து ஒட்டுச்சேர்த்திருக்க மாட்டார்கள்.

சந்தையில் இன்று அந்த மூன்றும் அருகிவிட்டன. ரெட்ஹேவன் முதலிய சிவந்த வகைகள் இடம்பிடித்துக்கொண்டன. பெயரை மட்டும் ஊரின் இளையோர் அணி பின்னாளில் எடுத்துத் தரித்துக்கொண்டது. விடைபெறும்போது முதியவர் கடைக்குப் பின்னால் சென்று, தம் வீட்டுக்கென்று விட்டுவைத்த ஒற்றை மரத்திலிருந்து ஒரு வெட்டரன் பழத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தார். உருண்டையான மஞ்சள் பழம். மேலே மெல்லிய பூனைமயிர். கத்தி வேண்டாம் என்று சைகை காட்டினார். கட்டைவிரலால் தள்ளியதும் தோல் தானாகவே உரிந்து வந்தது. பிட்டபோது கொட்டை சதையில் சிறிதும் ஒட்டாமல், என் உள்ளங்கையில் தனியே விழுந்தது.