சுழல மறுத்த தட்டு

பழைய பொருள் என்றாலே பழுதான பொருள் என்று எண்ணுவோர் பலர். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், சென்ற ஆண்டு இயற்பியல் ஆய்வக அலமாரியில் துணி போர்த்திக் கிடந்த அந்தக் கணினியைக் காணும்வரை!

1980களின் இறுதியில் நம் பள்ளிக்கு வந்த முதல் கணினி அது. அந்நாளில் கணிதம் கற்பித்த சிஸ்டர், விடுதிப் பதிவேட்டைக் கரையான் அரிப்பதைக் கண்டு, மாணவியர் பெயர்களை எல்லாம் அதில் தட்டச்சு செய்து வைத்தாராம். பதிவேடு இன்று இல்லை. ஓய்வு பெற்று மடத்தில் வாழும் சிஸ்டருக்கோ பார்வை மங்கிவிட்டது. "அந்தப் பெயர்களை ஒருமுறை கேட்டால் போதும், பிள்ளைகளே" என்றார். பிளஸ் ஒன் மாணவியர் மூவர் முன்வந்தோம்.

சுவிட்சைப் போட்டோம். மின்விசிறி ஒருமுறை துள்ளி நின்றது, அவ்வளவுதான்! "ஹார்டு டிஸ்க் மோட்டார் போய்விட்டது" என்று முடிவு கட்டி, எங்களில் ஒருத்தி அதன் மூடியைக் கழற்றத் திருப்புளியை எடுத்துவிட்டாள். இயற்பியல் டீச்சர் ஓடி வந்து தடுத்தார். உள்ளே படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த உயரத்தில் மிதக்குமாம். தலைமுடியின் தடிமனோ ஏறத்தாழ 70 மைக்ரான். ஒரு தூசி புகுந்தாலும் எழுதியது அழிந்துபோகும்!

"நோய் எங்கே இல்லை என்று முதலில் பாருங்கள்" என்றார் டீச்சர்.

ஹார்டு டிஸ்க்குக்குச் செல்லும் மின் பிளக்கைக் கழற்றினோம். கணினி உயிர் பெற்றது. ஆக, கோளாறு டிஸ்க்கின் பக்கம். அந்தப் பிளக்கில் 5 வோல்ட் மின்னணுப் பகுதிக்கும், 12 வோல்ட் மோட்டாருக்கும் செல்கின்றன. டிஸ்க்கின் 12 வோல்ட் முனையையும் தரை முனையையும் மல்டிமீட்டரால் தொட்டோம். மின்தடை ஏறக்குறைய பூஜ்யம்! அந்த வழியில் இருந்த, துவரம்பருப்பு அளவேயான டான்டலம் மின்தேக்கி ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தது. 16 வோல்ட் தாங்கும் அதை எடுத்துவிட்டு, 25 வோல்ட் தாங்கும் புதியதை, நேர்முனை எதிர்முனை பார்த்துப் பொருத்தினோம்.

இம்முறை கணினி அணையவில்லை. ஆனால் தட்டு சுழலாமல் நடுங்கியது. எங்கள் முகம் வாடியது. மறுபடி சோதனை! அடிப்பக்கம் தெரிந்த மோட்டாரின் அச்சை டீச்சர் விரலால் சிறிது நகர்த்தினார், தடையின்றி நகர்ந்தது. அதன் மூன்று சுருள்களையும் இரண்டிரண்டாக அளந்தோம். மூன்று அளவும் ஒன்றே. மோட்டார் நலம்! அப்படியானால், சுருள்களுக்கு முறை வைத்து மின்சாரம் ஊட்டும் டிரான்சிஸ்டர்களில்தான் குறை. அவற்றையும் அளந்தோம், பழுதில்லை. கடைசியில் உருப்பெருக்கிக் கண்ணாடி காட்டிக்கொடுத்தது. ஒரு டிரான்சிஸ்டரின் காலைச் சுற்றிய சால்டரில் மயிரிழை வட்டமாய் ஒரு விரிசல். மூன்று சுருளில் ஒன்றுக்கு உணவே போகவில்லை!

டீச்சர் சால்டரிங் கோலைத் தொட்டெடுத்தார். மீண்டும் சுவிட்ச். மெல்லிய முனகல் உயர்ந்து உயர்ந்து ஒரே சீரான ரீங்காரமாயிற்று. நிமிடத்துக்கு 3600 சுற்று! நாங்கள் கைதட்டிய ஓசையில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது. முதல் வேலையாகக் கோப்பைப் பிளாப்பியில் நகல் எடுத்தோம். பிறகு காகிதத்திலும் அச்சிட்டோம்.

அன்று மாலை மடத்துத் திண்ணையில் அமர்ந்து, ஆங்கில எழுத்தில் இருந்த அந்தத் தமிழ்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். சிஸ்டர் கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொருவரின் ஊரையும் சொல்லிக்கொண்டே வந்தார். தட்டின் சில இடங்கள் கெட்டிருந்ததால் சில பெயர்கள் அரைகுறையாகவே வந்திருந்தன. ஒரு பெயர் இரண்டெழுத்தோடு நின்றது. நாங்கள் திணற, சிஸ்டர் முழுப் பெயரையும் சொல்லி, "மழை பெய்தால் அழுவாள். அவள் அம்மா ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள்" என்றார்.

தோழியரே! நல்ல மோட்டாரைச் செத்துவிட்டது என்று எங்கள் அவசரம் தீர்ப்பெழுதியது. பருப்பளவு பொருளும் மயிரிழை விரிசலுமே குற்றவாளிகள். மனிதரையும் இப்படி எத்தனை முறை தவறாக எடைபோட்டிருப்போம்! இனி எதையும் அளந்து பார்த்தே பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம். தட்டு மறந்த பெயர்களை, சிஸ்டர் சொல்லச் சொல்லக் கையால் எழுதி நிரப்பியும் விட்டோம்.