வெல்வெட் திரையும் யூடியூப் சேனலும்

என் மனைவியின் தம்பி மதுரையில் மெல்லிசைக் குழு நடத்துகிறார். முப்பத்தைந்து வருடமாகிறது. தபலா வாசிக்கப் போனவர், ஆரம்பித்தவர் ஒதுங்கிக்கொண்டதும் குழுவையே தலையில் சுமக்க வேண்டியதாயிற்று. குழுவின் பெயரை இங்கே போட்டால் ஓசி விளம்பரம் என்பீர்கள். விட்டுவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் ஒரு குழுவுக்கு அடையாளம் என்றால் மேடைக்குப் பின்னால் கட்டும் திரைதான். நீல வெல்வெட் துணியில் ஜிகினா ஒட்டிய எழுத்து, விளக்கு பட்டதும் மின்னும். ஆண்களுக்கு ஒரே நிறத்தில் சஃபாரி. அறிவிப்பாளர் நாலு பாட்டுக்கு ஒரு தடவை குழுவின் பெயரையும் ஊரையும் சொல்லாமல் விடமாட்டார். விசிட்டிங் கார்டில் போன் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று இருக்கும். பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: அது பக்கத்து வீட்டு போன். அழைப்பு வந்தால் யாராவது ஓடிப்போய்க் கூட்டிவர வேண்டும். நான் தொலைபேசித் துறையில் இருந்ததால், சீக்கிரம் ஒரு கனெக்‌ஷன் வாங்கித் தரச் சொல்லி இசைக்குழுக்காரர்கள் எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். போன் இருந்தால்தான் கச்சேரி.

பாவலர் சகோதரர்கள், ஏ.வி. ரமணனின் மியூசியானோ, லக்ஷ்மன் ஸ்ருதி என்று பெயரைச் சொன்னாலே நமக்கு மேடை கண்ணில் தெரியும். சினிமாவில் வருவதற்கு முன்னாலேயே இளையராஜா சகோதரர்கள் ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாதித்த பெயர் அது.

மைத்துனர் குழுவுக்கு அடி விழுந்தது 2020 மார்ச்சில். பங்குனிப் பொங்கல் போயிற்று, சித்திரை போயிற்று. மீனாட்சி திருக்கல்யாணத்தையே அந்த வருடம் நாம் வீட்டில் உட்கார்ந்து நேரலையில்தானே பார்த்தோம்! கோயில் விழாவை நம்பியிருந்த பதினான்கு பேர் என்ன செய்வார்கள்? டிரம்ஸ் வாசிப்பவர் காய்கறி வண்டி போட்டார். பாடகி ஒருவர் தையல் வேலைக்குப் போனார். ஊரடங்கு முடிந்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. 'டிராக்' போட்டு, இரண்டு பேர் மைக் பிடித்துப் பாடினால் கால்வாசிச் செலவில் கச்சேரி முடிந்துவிடும் என்பதைக் கமிட்டிகள் கண்டுகொண்டன.

அப்போதுதான் மைத்துனரின் மகள் புகுந்தாள். கணினி வேலை, வீட்டிலிருந்தே. முதல் நாள் அவள் செய்த வேலை, குழுவின் பெயரைத் தன் போனில் தேடியதுதான். வேனில் ஓர் எழுத்துக்கூட்டல், ஃபேஸ்புக்கில் இன்னொன்று, கல்யாண வீட்டுக்காரர் யாரோ ஏற்றிய வீடியோவில் மூன்றாவது. "மாமா, நம்மளத் தேடுறவன் நம்மளக் கண்டுபிடிக்கவே முடியாது" என்றாள்.

பிறகு அடையாளச் சின்னம் பற்றிய சண்டை. மைத்துனருக்குத் தங்க நிறத்தில் சிறகு விரித்த கிடார் வேண்டும். அவளோ பரணிலிருந்து அந்த வெல்வெட் திரையை இறக்கி, வெயிலில் காயப்போட்டு, ஜிகினா எழுத்தைப் படம் பிடித்தாள். அதே எழுத்து, அதே நீலம். சேனலின் முகப்பு, ஒவ்வொரு வீடியோவின் முகப்புப் படம், வாட்ஸ்அப் படம், வேன், சட்டை என்று எல்லாவற்றிலும் அதுவே. அவர் ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு அவள் கட்சிதான். 2018-இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானா பாடகர்கள் உட்பட எல்லாரும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கோட்டு சூட்டில் மேடை ஏறியது நினைவிருக்கிறதா? பாட்டைக் கேட்பதற்கு முன்பே, இவர்கள் யார் என்று திரும்பிப் பார்க்க வைத்தது.

மூன்று மணி நேரக் கச்சேரியை முழுசாக ஏற்ற வேண்டும் என்றார் மைத்துனர். அவள் மறுத்துவிட்டாள். ஒரு வீடியோ, ஒரு பாட்டு, வாரா வாரம் வெள்ளிக்கிழமை மாலை. எடுக்கும் இடம் ஒத்திகை அறைதான். 2011 நவம்பரில் 'கொலவெறி' வந்ததே, அதில் என்ன பார்த்தோம்? ஒலிப்பதிவுக் கூடத்தில் நாலு பேர் சிரித்துக்கொண்டு பாடுவது. படம் அடுத்த வருடம் மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் பாட்டு உலகத்தைச் சுற்றிவிட்டது.

"முகம் கொஞ்சம் போதும், விரல்தான் தெரியணும்" என்பது அவளுடைய சட்டம். டிராக் போட்டுப் பாடுபவர்களால் காட்ட முடியாதது அதுதானே. தபலா மேல் ஒரு கேமரா, அதாவது ஸ்டாண்டில் கட்டிய பழைய போன். வயலின் மேல் இன்னொன்று. வயலின்காரருக்கு அறுபத்தெட்டு வயது. கீபோர்டு வந்த பிறகு அவரை வெளியூர்க் கச்சேரிகளுக்கு அழைப்பதே குறைந்திருந்தது. இடையிசையில் அவருடைய வில் ஏறி இறங்குவதை அவள் கிட்டத்தில் எடுத்துப் போட்டாள். கீழே கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர் அவரைத்தான் விசாரித்தார்கள்.

பணம் கொட்டியதா என்று கேட்பீர்கள். யூடியூபில் வருமானத்துக்கு ஆயிரம் சந்தாதாரர்கள், பன்னிரண்டு மாதத்தில் நாலாயிரம் மணி நேரப் பார்வை என்று அப்போது கணக்கு இருந்தது. அதைத் தாண்டினார்கள். ஆனால் பாட்டு சினிமாப் பாட்டு, உரிமை வேறொருவருடையது. ஏற்றியதுமே கண்டுபிடித்து அறிவிப்பு அனுப்பிவிடுகிறது இயந்திரம். விளம்பரக் காசு உரிமைக்காரருக்குப் போகிறது. "நாங்க வாசிச்சதுக்கு அவங்களுக்குக் காசா அத்தான்?" என்று என்னிடம் குதித்தார் மைத்துனர். மெட்டுப் போட்டவர், எழுதியவர், செலவழித்தவர் ஒருவர் இருக்கிறாரே மாப்ளை என்றேன். மேடையில் பாடி முப்பது வருடம் சோறு தின்றதும் அந்த மெட்டில்தான். அவருக்குச் சமாதானமில்லை. மகளோ அந்தக் காசைக் கணக்கிலேயே வைக்கவில்லை. அவளுக்கு அந்த வீடியோ விசிட்டிங் கார்டு. படத்தின் மூலையில் போன் நம்பர் இருக்கிறது, பி.பி. இல்லை.

போன ஆடியில் ஒன்பது கச்சேரி. முன்பு போல் இருபது இல்லை. டிரம்ஸ்காரர் இன்னும் காலையில் காய்கறி வண்டியை விடவில்லை, விடமாட்டேன் என்கிறார், புத்திசாலி. சிவகங்கைப் பக்கம் ஒரு கமிட்டித் தலைவர் முன்பணம் அனுப்புவதற்கு முன் கேட்ட ஒரே கேள்வி: "அந்த வயலின் ஐயா வருவாருல்ல?"

ஐயா கண்புரை அறுவை முடிந்து சொட்டுமருந்து போட்டுக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியோடு போய் வாசித்துவிட்டு வந்தார். அதையும் அந்தப் பெண் படம் எடுத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை வருகிறதாம்.