ஏழரை நிமிடம்

1,600 மீட்டர், ஏழரை நிமிடம். இந்திய ராணுவத்தின் ராணுவக் காவல் பிரிவில் சேர விரும்பும் பெண்கள் ஓட வேண்டிய ஓட்டம் இது. எட்டு நிமிடத்துக்குள் வந்தால் இரண்டாம் பிரிவில் இடமுண்டு. அதற்குமேல் போனால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மருத்துவப் பிரிவுகளுக்கு வெளியே பெண்கள் அதிகாரிகளாவதற்குப் பரங்கிமலைப் பயிற்சிக் கழகத்தில் 1992 முதலே பயிற்சி பெறுகிறார்கள். பட்டம் வாங்கி, நேர்முகத் தேர்வில் தேறி நுழைகிற வாசல் அது. பத்தாம் வகுப்புப் படிப்போடு சிப்பாயாக நுழையும் வாசல் பெண்களுக்கு 2019இல்தான் திறந்தது. முதல் அணியாக 83 பேர் 2021 மே மாதம் பெங்களூருவில் பயிற்சி முடித்தார்கள்.

மீஞ்சூரிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி இந்த நேரக்கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். “ஸ்பீடு எப்படி மேம் ஏத்துறது?” என்று கேட்டாள். யாப்பிலக்கணம் நடத்துகிற என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஏழரை என்றதும் “சனி புடிச்ச கணக்கா இருக்கே” என்றாராம் அவளுடைய ஆயா. அப்போது அவள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்பது நிமிடம் பத்து விநாடியில்.

எங்கள் உடற்கல்வி ஆசிரியை கணக்கைப் பிரித்துப் போட்டார். 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் 52 விநாடி. இவளோ முதல் சுற்றை ஒன்று நாற்பதில் பறந்து முடித்துவிட்டு மூன்றாவதில் மூச்சு வாங்கி நடந்துகொண்டிருந்தாள். “வேகம் வேணும்னா முதல்ல மெதுவா ஓடக் கத்துக்கோ” என்றார் அவர். வாரத்தில் மூன்று நாள், பக்கத்தில் வருகிறவளோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில் நீண்ட ஓட்டம். ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை இரண்டு நிமிடத்தில் ஓடி, அதே இரண்டு நிமிடம் நடந்து இளைப்பாறி, மறுபடி ஓடுவது. முதலில் நான்கு தடவை, பிறகு ஆறு. பழகப் பழக இரண்டு நிமிடத்தை ஒன்று ஐம்பதாகக் குறைப்பது. கட்டாயமாக ஒரு நாள் ஓய்வு. எட்டு வாரத்தில் எட்டு நிமிடம் 25 விநாடிக்கு வந்தாள். அதோடு நின்றுபோனது. எவ்வளவு முயன்றும் ஒரு விநாடிகூடக் குறையவில்லை.

ஏன் நின்றது என்று தேடியபோதுதான் வேகம் என்பது கால்களில் மட்டும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது.

வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில்தான் முடிகிறது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஓடுகின்றன. அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் இந்தக் காற்றில் கலக்கிறது. இருட்டில் இந்தச் சாலையில் ஓட எந்த வீடு பெண்ணை அனுப்பும்? விடிந்த பிறகு பள்ளி மைதானம் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு. அதற்கும் முன்னால் தண்ணீர் பிடிக்க வேண்டும். அளவுக்கு மீறி உறிஞ்சியதால் இந்தப் பகுதியின் நிலத்தடியில் கடல் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 முதல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் இயங்குகிறது. இருந்தும் அவள் வீட்டில் குடம் தூக்குவது அவள் வேலை, தம்பியின் வேலை அல்ல. எல்லாம் போக அவளுக்கு மிஞ்சியது அரை மணி நேரம்.

அடுத்தது ரத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவில்லை. அவள் விதிவிலக்கு இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தசைக்குப் பிராணவாயுவைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அது குறைந்தால் எத்தனை பயிற்சி செய்தாலும் மூன்றாவது சுற்றில் கால் கனக்கும். மாதந்தோறும் ரத்தம் இழக்கிற உடம்பு அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறது. இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். அதை விழுங்கிய கையோடு டீ குடித்தால் சத்து சேராது என்பதைக்கூட அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

மூன்றாவது காரணத்துக்கு அகத்திணையில் ஒரு பெயர் இருக்கிறது: இற்செறிப்பு. பருவம் வந்த பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திக் காப்பது. வருடாவருடம் அதைத் தலைவியின் துயரமாக, காதலுக்கு வந்த தடையாகப் பாடம் நடத்துகிறேன். அது தசைக்கும் நுரையீரலுக்கும் வந்த தடையும்தான். பன்னிரண்டு வயதில் இவள் ஓட்டம் நின்றது. அதே தெருப் பையன்கள் அடுத்த ஆறு வருடமும் ஓடினார்கள். குறையாமல் நின்ற அந்த விநாடிகளுக்குள் அந்த ஆறு வருடங்களும் இருக்கின்றன.

கடிகாரம் ஆண் பெண் பார்ப்பதில்லை என்பார்கள். ஆனால் அளவுகோலை வைப்பது மனிதர்கள். கனடாவில் டானி மயோரின் என்ற பெண் காட்டுத் தீயணைப்பு வேலையைக் குறையின்றிச் செய்துவந்தார். புதிதாக வந்த தேர்வில் 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். 49.4 விநாடி பிந்தியதால் வேலை போனது. அந்த வேகம் தீயணைக்க அவசியம் என்று அரசால் நிரூபிக்க முடியவில்லை. 1999இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இங்கே பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வின் 100 மீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி பிந்தினார். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குப் பணி வழங்கச் சொன்னது. நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளர் ஆனார்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் மாணவி சொன்னாள்: “எனக்கு டைமைக் கொறைச்சுக் கேக்க வேணாம் மேம். கிரவுண்டு கேட்டு வாங்கிக் குடுங்க.”

சீருடைகள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. ராணுவத்தில் பெண்கள் சேர்வதே விடுதலை என்று நான் நினைக்கவில்லை. 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் பணி நான்கே வருடம். அதிகபட்சம் நான்கில் ஒருவரைத்தான் பிறகும் வைத்துக்கொள்வார்கள். இதையும் அவளிடம் சொன்னேன். அவள் வேறொரு விதியைக் காட்டினாள். சேரும்போது மணமாகாதவளாக இருக்க வேண்டும், நான்கு வருடமும் மணம் செய்யக்கூடாது. “கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு கவர்மென்டே எழுதி வாங்கிக்குது. எங்க அப்பா கவர்மென்டு சொன்னா கேப்பாரு.” பெண்ணின் அந்தரங்க முடிவில் அரசு தலையிடும் விதி அது, நான் எதிர்க்கிற விதி. அவளுக்கோ கையில் கிடைத்த ஒரே தடையாணை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவளுக்கு வயது இருபது. என் தயக்கத்தைச் சுமந்துகொண்டு அவள் ஓட வேண்டிய அவசியமில்லை.

மைதானம் கேட்டோம். அவளும் இன்னும் ஆறு பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் கையெழுத்துப் போட்ட மனு, பள்ளிக்கு மூன்று தடவை நடை. காலை ஐந்தரை முதல் ஆறரைவரை பெண்களுக்கு என்றானது. தண்ணீர் பிடிக்கும் வேலை தம்பிக்குப் போனது, பெரிய சண்டைக்குப் பிறகு. ஐந்தாவது மாதம் அவள் ஏழு நிமிடம் 26 விநாடியில் ஓடினாள். ஆள்சேர்ப்பு முகாம் இன்னும் வரவில்லை. அதில் என்னவாகும் என்று எனக்குத் தெரியாது.

காவலுக்கென்று வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மாக்களில் இரண்டு பேர் இப்போது தாங்களும் சுற்றி நடக்கிறார்கள். மைதானத்தில் விளக்கு இல்லை. அந்த நேரத்தில் கழிப்பறை பூட்டியே கிடக்கிறது. அடுத்த மனு அதற்குத்தான்.