பத்தாயத்தில் இருக்கும் மூன்று இசைத்தட்டுகள்

கடம் கேட்பதற்காக யாரும் கச்சேரிக்குப் போவதில்லை. தஞ்சை வட்டாரத்தில் இது குறையாகவும் சொல்லப்படுவதில்லை. அப்படித்தான் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. பாடுபவர் நடுவில், வயலினும் மிருதங்கமும் இருபுறம், கடமோ கஞ்சிராவோ இருந்தால் அதற்குப் பின்னால். உபபக்கவாத்தியம் என்ற சொல்லிலேயே வரிசை தெளிவாக இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் பேசி முடித்தபின் கடத்துக்கு முறை வரும். அதற்குள் அவையில் பாதிப்பேர் காபிக்கு எழுந்திருப்பார்கள். ஏறத்தாழ இருபது வயது வரை நாங்களும் இந்த வரிசைக்குப் பழகிய காதுகளோடுதான் இருந்தோம். அதை மாற்றியது சக்தி என்ற குழுவின் மூன்று இசைத்தட்டுகள்.

'நாங்கள்' என்பது விடுதியில் ஒரே அறையில் இருந்த மூவர். ஒருவர் வீட்டுக்குப் புது ஆற்றுப் பாசனத்தில் நிலம் இருந்தது. இன்னொருவர் கூத்தாநல்லூர்க்காரர், சபர் போய்த் திரும்பிய பெரியவர்கள் நிறைந்த குடும்பம். மூன்றாமவர் இதை எழுதுபவர். 2000ஆம் ஆண்டையொட்டி, தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மைக் செட் கடைகள் தம்மிடமிருந்த இசைத்தட்டுகளைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தன. திருமண வீடுகளில் ஒலிநாடாவும் குறுந்தகடும் வந்துவிட்டன. பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போகவேண்டியவற்றை நாங்கள் விலை பேசி வாங்கினோம். பெரும்பாலும் திரைப்பாடல்கள், கொஞ்சம் நாகசுரம். சுழல்மேடை ஒன்றை மூவரும் பங்கு போட்டு வாங்கினோம். தட்டுகளும் மூவருக்கும் பொது.

சக்தியின் தட்டுகள் கூத்தாநல்லூரிலிருந்து வந்தன. நண்பரின் பெரிய தந்தையார் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை. அவருக்கு மேற்கத்திய ராக் இசையில், அதிலும் ஒரு தட்டின் முழுப் பக்கத்தையும் ஒரே ஆக்கத்துக்குக் கொடுத்த எழுபதுகளின் குழுக்களில் ஈடுபாடு. யெஸ் என்ற ஆங்கிலேயக் குழு 1972இல் வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' அவரிடம் இருந்தது. ஜான் மெக்லாக்லின் என்ற கித்தார் கலைஞர் 1971இல் அமைத்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் தட்டுகளும் இருந்தன; காதைக் கிழிக்கும் மின்கித்தார், ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக எண்ணவேண்டிய தாளங்கள். அந்த மனிதரே மின்கித்தாரை வைத்துவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து உருவாக்கிய குழுதான் சக்தி. எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். முதல் தட்டில் மட்டும் ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம் வாசித்தார்.

அந்த முதல் தட்டு 1975 ஜூலையில் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த நிகழ்ச்சியின் பதிவு, வெளிவந்தது 1976இல். மூன்றே ஆக்கங்கள். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒன்றே, ஏறக்குறைய இருபத்தொன்பது நிமிடம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் மட்டுமே கொள்ளும் பழைய 78 சுழற்சித் தட்டுகளில் நறுக்கித் தரப்பட்ட ராக ஆலாபனைகளைக் கேட்டுப் பழகிய எங்களுக்கு அந்த நீளமே முதல் வியப்பு. அடுத்த வியப்பு கித்தார். மெக்லாக்லின் அமெரிக்காவில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க வசதியாக, தம் கித்தாரின் மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்தார்; ஒத்திசைந்து ஒலிக்கும் ஏழு தந்திகளைக் குறுக்கே கட்டச்செய்தார். பலா மரத்தைக் குடைந்து, மெழுகில் மெட்டுப் பதித்து வீணை செய்யும் ஊரில் இருந்துகொண்டு, ஒரு கித்தார் வீணையை நோக்கி நடந்துவருவதைக் கேட்டது தனி அனுபவம் என்றே சொல்லவேண்டும்.

ஆயினும் எங்களை உண்மையில் கேட்கவைத்தவர் ஒரு கட வித்வான். கும்பகோணம் பக்கத்தில் சிறு கச்சேரிகளுக்கும் நாட்டிய நிகழ்ச்சிகளுக்கும் வாசித்துவந்தவர். அழைப்பிதழில் அவர் பெயர் சில சமயம் இருக்கும், பல சமயம் இராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் கிராமத்து வீட்டுக்கு வந்தவரை உட்காரவைத்து, 1976இல் லண்டனில் பதிவான இரண்டாம் தட்டைப் போட்டோம். முதல் ஆக்கம் சொற்கட்டோடு தொடங்கியதும் அவர் கை தாளத்துக்குப் போயிற்று. ஒரு பக்கம் முடியும் வரை எடுக்கவில்லை. பிறகு கேட்டார்:

"மிருதங்கம் யாரு தம்பி?"

"மிருதங்கக்காரர் இல்லைங்கய்யா. முதல் தட்டோட அவர் விலகிட்டார்."

"அப்ப கடத்துக்கு முன்னாடி யாருமே உட்காரலையா?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. தட்டைத் திருப்பிப்போடச் சொன்னார்.

அந்தக் கேள்வியோடு கேட்டபோதுதான் குழுவின் அமைப்பு புலப்பட்டது. நால்வரில் தென்னாட்டுக் கணக்கை நடத்திச்செல்லும் பொறுப்பு கடத்தின் தலையில். அங்கே அது மிருதங்கம் விட்ட இடத்தை நிரப்பும் வாத்தியம் அன்று. தபலாவுக்கு எதிரே சமமாக உட்கார்ந்து கேள்வியும் கேட்கிறது, பதிலும் சொல்கிறது. கடத்தின் சுருதி சூளையில் வெந்தபோதே தீர்மானமாகிவிடுகிறது; மிருதங்கத்தைப் போல வாரைத் தட்டிச் சேர்த்துக்கொள்ள வழியில்லை. ஆகவே கட வித்வான் சுருதிக்கொரு பானை சுமக்கிறார். அப்படிப்பட்ட ஒரு மானாமதுரைப் பானை, வாயை வயிற்றில் அழுத்தி எடுக்கும் கும்காரத்தோடு, லண்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில் மற்ற மூன்று கருவிகளுக்கு நிகரான இடத்தைப் பெற்றிருந்தது. விநாயக்ராமின் பெயருக்கு முன்னால் உள்ள முதல் எழுத்து தேத்தாக்குடி என்ற ஊரைக் குறிப்பது. வேதாரண்யத்துக்குப் பக்கத்து ஊர். இத்தனை அருகிலிருந்த ஒன்றைக் கேட்க எங்களுக்கு அயல்நாட்டுத் தட்டு வேண்டியிருந்தது.

2002இல் மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்படவில்லை. குறுவை போயிற்று, புது ஆற்றில் மணல்தான் தெரிந்தது. கோயில் விழாக்களில் கச்சேரிகளைக் குறைத்தார்கள். குறைக்கும்போது முதலில் நிறுத்தப்படுவது எது என்று சொல்லத் தேவையில்லை. வித்வான் அந்த ஆண்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனார். நண்பர் வீட்டின் சம்பா விதைச் செலவுக்காகத் திரைப்பாடல் தட்டுகளில் பெரும்பகுதியைச் சென்னை வியாபாரி ஒருவருக்கு விற்றோம். அவர் சக்தி தட்டுகளுக்கு நல்ல விலை சொன்னார். விதைக்கான தொகை அவை இல்லாமலே தேறிவிட்டதால் கொடுக்கவில்லை. இரண்டாம் தட்டை ஒலிநாடாவில் பதிந்து வித்வானுக்குக் கொடுத்தோம். கடைக்குப் போகுமுன் காலையில் அதோடு சேர்ந்து வாசிப்பதாக ஒருமுறை சொன்னார். மறு ஆண்டு ஒலிநாடா தேய்ந்துவிட்டது என்று கேட்டனுப்பினார்; மறுபடி பதிந்து கொடுத்தோம். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

சக்தி முதல் சுற்றில் மூன்றே தட்டுகளோடு நின்றது. மூன்றாவது 1977இல் வந்தது. 1997க்குப் பின் 'ரிமெம்பர் சக்தி' என்று மீண்டும் கூடியபோது, சில காலத்தில் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்து சேர்ந்தார். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். இன்னோர் உபபக்கவாத்தியம் முன்வரிசைக்கு வந்தது. ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்தார். 2023இல் வெளியான 'திஸ் மொமென்ட்' மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. அதே 2024 டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

இப்போது எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கின்றன. இருந்தும் தட்டுகள் இருக்கின்றன, நண்பர் வீட்டுப் பத்தாயத்தில். நெல் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கியபின் அந்தப் பத்தாயம் காலியாகக் கிடந்தது. ஐப்பசி அடைமழையில் அட்டைகளில் பூஞ்சை பிடிக்கும். பூச்சிக்கு, நெல்லுக்குப் போடுவதுபோல நொச்சி இலை போட்டுவைக்கிறார் நண்பரின் தாயார். ஆண்டுக்கு ஒருமுறையாவது மூவரும் கூடி இரண்டாம் தட்டைக் கேட்கிறோம். கச்சேரிகளுக்கும் போகிறோம். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் எங்கள் வரிசையில் மூன்று பேராவது எழுந்திருப்பதில்லை.