லோயர் பர்த்துக்குக் கீழே ஒரு குடித்தனம்

இரண்டு இரவு, ஒரு பகல், எட்டுப் பேர், மூன்று கீழ் பர்த்துகள். டெல்லி ரயிலில் சாமான் அடுக்குவது ஒரு தனிக் கலை. அதில் தேர்ந்தவர்கள் விலை உயர்ந்த சூட்கேஸ் வைத்திருப்பவர்கள் அல்ல.

சென்னை சென்ட்ரலில் டெல்லி ரயில் பிளாட்பாரத்துக்கு வந்த முதல் பத்து நிமிடத்துக்கு ஸ்லீப்பர் கோச்சில் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாது. முதுகுகள்தான் தெரியும். எல்லோரும் குனிந்து, கீழ் பர்த்துக்கு அடியில் கையை விட்டு, முன்னால் வந்தவர் வைத்த சூட்கேஸை இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ள முடியுமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். "இந்த நீலப் பை யாரோடது சார்?" என்று ஒருவர் கேட்பார். பதில் வராது. பைக்குச் சொந்தக்காரர் வழியனுப்ப வந்த மாமாவிடம் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம் ஒரு குடும்பத் தலைவர் விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தில் கூஜாவோடு சேர்த்துப் பதினொன்று என்று எண்ணினார்கள். இப்போது தண்ணீர் கேனோடு பதினொன்று.

1929 முதல் ஓடும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும், 1976-ல் வந்த தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கரோல்பாக், ஆர்.கே.புரம் தமிழர்களில் பல தலைமுறைகளைச் சுமந்திருக்கின்றன. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சாமான் குறைவு. திரும்பும்போதுதான் சங்கடம். சாம்பார்ப் பொடி, வடாம், காபிப் பொடி, புளி, அப்பளக் கட்டு, பாட்டி துணி சுற்றிக் கட்டிக்கொடுத்த ஆவக்காய் ஜாடி என்று ஒரு மளிகைக் கடையே ஏறும். இதெல்லாம் டெல்லியிலேயே கிடைக்கிறதே என்று சொல்லிப் பார்த்த கணவர்கள் யாரும் ஜெயித்ததாகத் தெரியவில்லை.

ரயில்வேயின் விதி தாராளமானது. ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். ஏ.சி. மூன்றடுக்கிலும் அதே 40, இரண்டடுக்கில் 50, ஏ.சி. முதல் வகுப்பில் 70. முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பில் 35. ஸ்லீப்பரில் ஒரு தடுப்புக்கு, சைடு பர்த்துகளையும் சேர்த்து, எட்டுப் பேர். ஆளுக்கு 40 கிலோ என்றால் 320 கிலோ. டிரங்குப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் 100 x 60 x 25 செ.மீ. வரை இருக்கலாம் என்றும் விதி சொல்கிறது. எட்டுப் பேரும் சட்டத்தை மதித்து அந்த அளவில் ஆளுக்கொரு டிரங்கு கொண்டுவந்தால், அவற்றில் பாதிகூட பர்த்துகளுக்கு அடியில் போகாது. எடைக்குக் கணக்குப் போட்டவர்கள் இடத்துக்குப் போட மறந்துவிட்டார்கள். மிச்சக் கணக்கை அந்தப் பத்து நிமிடத்தில் பயணிகள் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்கிறார்கள், சண்டையாகவோ, சிநேகமாகவோ.

எல்லாவற்றையும் எப்படியோ உள்ளே திணித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. சுமார் 2,180 கி.மீ. போகும் ரயில் இது. சென்னையில் இரவு மின்விசிறியின் கீழும் வியர்க்கும். மறுநாள் பகல் முழுக்க வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர் என்று போகும். இருட்டிய பிறகு போபால். டிசம்பர், ஜனவரி மாதங்களில் குளிர் இங்கேதான் கோச்சுக்குள் ஏறுகிறது. ஜான்சியும் குவாலியரும் தாண்டுவதற்குள் மூடிய ஷட்டரின் இடுக்கு வழியாக வரும் காற்று கத்தி மாதிரி இருக்கும். சென்னையில் மூட்டை கட்டியபோது ஸ்வெட்டர் டெல்லிக்குத்தானே வேண்டும் என்று பெரிய சூட்கேஸின் அடியில் போட்டிருப்பார்கள். அந்த சூட்கேஸ் மற்ற இரண்டு சூட்கேஸ்களுக்குப் பின்னால், சங்கிலியில். சாவி மேல் பர்த்தில் தூங்குபவரின் பனியன் பையில்.

நடு பர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரை விரித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அந்த நேரத்தில் கீழே யாரும் நிமிர்ந்து உட்கார முடியாது. ஸ்வெட்டர் வேண்டுமென்றால் நடைபாதையில் மண்டியிட்டு, விளக்கைப் போட்டு, ஏழு பேரின் தூக்கத்தைக் கெடுத்துத்தான் எடுக்க வேண்டும். ஸ்வெட்டருக்குப் பதில் அது ஆஸ்துமா உள்ளவரின் இன்ஹேலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நிமிடங்கள் மிக நீளமானவை.

ஆகவே துணியை எவ்வளவு அழகாக மடித்தோம் என்பதை விட, எந்த ஸ்டேஷன் அருகில் எது தேவைப்படும் என்று யோசித்தோமா என்பதுதான் முக்கியம். டெல்லித் தமிழ்க் குடும்பங்களில் வருஷா வருஷம் போய்வரும் பெண்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் கட்டும் மூட்டைகளுக்குப் பெயர் உண்டு. 'வீட்டுக்குப் போய்ப் பிரிக்கிற பெட்டி' ஒன்று. அதில் பட்டுப் புடவையும் பொடி டப்பாக்களும். டெல்லி வரும்வரை அதைத் தொட வேண்டாம், ஆகவே அது முதலில் உள்ளே போகும். 'ரயில் பை' இன்னொன்று. அதில் போர்வை, ஸ்வெட்டர், துண்டு, சோப்பு, குழந்தைக்கு மாற்றுத்துணி. அது பர்த்தின் முன் ஓரத்தில், ஜிப் வெளிப்பக்கம் பார்த்து இருக்கும். மருந்து, பணம், டிக்கெட், மூக்குக் கண்ணாடி உள்ள கைப்பை தலைமாட்டில். சாப்பாட்டுக் கூடை ஜன்னலோர மேஜைக்குக் கீழே. நாக்பூருக்குள் பாதி காலியாகிவிடும் என்பதால் அழுக்குத் துணிக்கு அதுதான் இடம். ஊறுகாய் ஜாடியை எதன் மேலும் வைக்க மாட்டார்கள், எதன் கீழும் வைக்க மாட்டார்கள். அது பர்த்தின் மூலையில் தனியாக, ஒரு எவர்சில்வர் தூக்கின் உள்ளே நிற்கும். வாய் கசிந்தாலும் எண்ணெய் தூக்குக்குள்தான் தேங்கும்.

இந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரி இன்றைய சக்கர சூட்கேஸ்தான். அது ரயிலுக்காகப் பிறந்ததே அல்ல. சூட்கேஸில் சக்கரம் வைத்து இழுக்கும் யோசனைக்கு அமெரிக்காவில் பெர்னார்ட் சாடோ என்பவர் 1972-ல் காப்புரிமை பெற்றார். இன்று காணும் நிமிர்ந்த கைப்பிடி மாதிரியை உருவாக்கியவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி; அது 1987. வழுவழுப்பான விமான நிலையத் தரைக்கும், திறந்து போட இடமுள்ள ஹோட்டல் அறைக்கும் ஏற்ற பெட்டி அது. கெட்டி ஓடு போட்ட ரகம் நடுவில் பிளந்து இரண்டு பாதியாக விரியும். அதாவது, மூடியிருக்கும்போது அடைக்கும் இடத்தைப் போல் இரண்டு மடங்கு திறப்பதற்கு வேண்டும். இரண்டு பர்த்துகளுக்கு நடுவே, ஆறு ஜோடிச் செருப்புகள் கிடக்கும் தரையில் அந்த இடத்துக்கு எங்கே போவது? கடைகளில் 'லார்ஜ்' என்று விற்பது 75 செ.மீ. உயரம். ஏ.சி. மூன்றடுக்கில் அனுமதிக்கப்பட்ட அளவோ 55 x 45 x 22.5 செ.மீ. மாடிப்படி ஓவர்பிரிட்ஜில் அதைத் தலையில் தூக்கிப் போகும் போர்ட்டரைப் பார்த்தால், சக்கரங்கள் ஆகாயத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

காணாமல் போன ஹோல்டாலை நினைத்து ஏங்குவது இந்த இடத்தில் தவிர்க்க முடியாதது. கெட்டி கான்வாஸ், தோல் வார், இரண்டு முனையிலும் பை. அவிழ்த்து உருட்டினால் அதுவே படுக்கை. எதையும் வெளியே எடுக்கவே வேண்டாம். தலைப்பக்கப் பையில் தலையணை, கால்பக்கப் பையில் செருப்பு. ஏ.சி. கோச்சுகளில் ரயில்வேயே போர்வை, கம்பளி தர ஆரம்பித்ததும் அதன் காலம் முடிந்தது. எடை அதிகம், சுருட்டிக் கட்ட ஒருவர் மேலே ஏறி மிதிக்க வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இருந்த இடத்திலேயே திறக்கக்கூடிய மூட்டை அது. பையின் விலையையும் பிராண்டையும் விட, பர்த்துக்கு அடியிலிருந்து இழுக்காமலேயே உள்ளே கைவிட முடியுமா என்று பார்த்து வாங்குவதே ரயில் பயணிக்கு உத்தமம். பக்கவாட்டில் ஜிப் உள்ள சாதாரண ரெக்ஸின் பை இந்தப் பரீட்சையில் தேறிவிடும்.

ஒழுங்குக்கு இன்னொரு பயனும் உண்டு. அது திருட்டு நடந்த பிறகுதான் தெரியும். கீழ் பர்த்துகளுக்கு அடியில் சங்கிலி மாட்ட வளையங்கள் உண்டு. சங்கிலி பிளாட்பாரத்திலேயே விற்கிறது. இருந்தும் பைகள் போகின்றன. ஓடும் ரயிலிலேயே டி.டி.இ., கார்டு அல்லது பாதுகாப்புக்கு வரும் போலீஸாரிடம் படிவம் வாங்கிப் புகார் எழுதித் தரலாம். 139-க்குப் போன் செய்யலாம். படிவத்தில் பைக்குள் என்னென்ன இருந்தன என்று எழுதச் சொல்வார்கள். பலர் திணறுவது அங்கேதான். சங்கிலி எந்தப் பையில், பள்ளிச் சான்றிதழ் எந்தப் பையில் என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நஷ்ட ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கை அதிகம் வேண்டாம். 1989-ம் ஆண்டின் ரயில்வே சட்டம், 100-வது பிரிவின்படி, பயணி தன் பொறுப்பில் கொண்டுபோகும் சாமான் தொலைந்தால், ரயில்வே ஊழியரின் அலட்சியமோ முறைகேடோ நிரூபணமானால்தான் நிர்வாகம் பொறுப்பு. இடுப்பில் பெல்ட்டில் கட்டி வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயைப் பறிகொடுத்த ஒரு பயணிக்கு நுகர்வோர் மன்றங்கள் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன் உடைமையைத் தானே காக்க முடியாத பயணிக்கு ரயில்வே எப்படிப் பொறுப்பாகும் என்பது கோர்ட்டின் வாதம். புறப்படும் முன் ஒரு தாளில் எந்தப் பையில் எது என்று எழுதி, அந்தத் தாளைப் பைகளில் வைக்காமல் சட்டைப் பையில் வைப்பது செலவில்லாத இன்ஷூரன்ஸ். ஸ்டேஷன் கிளோக் ரூமில் பூட்டாத பையை வாங்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். சங்கிலி மட்டும் வாங்கி, பைக்குப் பூட்டு வாங்காதவர்கள் நிறைய.

இந்த வித்தையைப் பாடமாகக் கற்றவர்கள் ராணுவத்தினர். கறுப்பு இரும்பு டிரங்கின் மேல் வெள்ளைப் பெயின்டில் எண், பதவி, பெயர், யூனிட். நீலப் பை யாருடையது என்ற கேள்வியே அங்கே எழாது. சபரிமலை பக்தரின் இருமுடியும் அப்படித்தான். முன்முடியில் நெய்த்தேங்காய் முதலான பூஜைப் பொருள். பின்முடியில் தன் வழித்தேவை. ஒன்றுக்குள் ஒன்று கலக்காது. தலையில் நிற்க வேண்டுமானால் இரண்டின் எடையும் ஒத்திருக்க வேண்டும் என்பதால் வேண்டாததைச் சேர்க்கும் ஆசையும் வராது.

ஆனால் முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால், டெல்லி ரயில் கிளம்பும் அதே சென்ட்ரலில் ஹவுரா ரயில்கள் வந்து நிற்கும்போது முன்பதிவில்லாத கோச்சுகளின் வாசலைப் பார்க்க வேண்டும். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வரும் வங்காள, ஒடிசா, பீகார் இளைஞர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். பலர் கையில் 20 லிட்டர் பெயின்ட் வாளி. மூடி உண்டு, கைப்பிடி உண்டு. உள்ளே அடியில் துணி, அதன் மேல் தட்டும் டம்ளரும், ஓரத்தில் கடுகெண்ணெய் பாட்டில், மேலே அவல் அல்லது சத்துமாவுப் பொட்டலம், போன் சார்ஜர், பிளாஸ்டிக் உறையில் ஆதார் அட்டை. மழை போகாது, எலி போகாது. ஒரு நாளுக்கு மேல் நீளும் பயணத்தில், உட்கார சீட் கிடைக்காதபோது கழிப்பறைக்குப் பக்கத்து நடையில் அதைக் கவிழ்க்காமல் போட்டு மேலே உட்காரலாம். சாப்பிட எழுந்து மூடியைத் திறந்தால் வேண்டியது கைக்கு முதலில் படுகிறது. பக்கத்தில் நிற்பவரை நகரச் சொல்ல வேண்டியதில்லை.

விதி இவருக்கு 35 கிலோ தருகிறது. நெரிசல் இவருக்குத் தருவது இரண்டு பாதங்கள் ஊன்றும் இடம். அந்த இடத்துக்குள் அடங்கும்படி வீட்டை மடித்து எடுத்து வருகிறார். சென்னையில் இறங்கியதும் வாளியின் வேலை முடிவதில்லை. தகரக் கொட்டகையில் அதுதான் பீரோ. துணியை ஆணியில் மாட்டிவிட்டால் குளிக்கத் தண்ணீர் பிடிக்கும் வாளி. மாலையில் தாயம் ஆட நாற்காலி. துர்கா பூஜைக்கோ சத் பூஜைக்கோ ஊர் திரும்பும்போது அதே வாளியில் தங்கைக்கு வாங்கிய சுடிதார் துணி எல்லாவற்றுக்கும் மேலே, மூடியைத் திறந்ததும் தெரிகிற மாதிரி இருக்கும்.