மலைக்கு வந்த பங்கு விலை

2023இல் ஹற்றனுக்கு அருகே, நண்பரொருவரின் லயத்து வாசலில் அமர்ந்திருந்தேன். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவரது மகன், கைத்தொலைபேசியில் பங்குச் சந்தை விலைகளைக் காட்டினான். தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா என நம் ஊர்ப் பெயர்களைத் தாங்கிய கம்பனிகள் திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சந்தைக்கு இந்த உடனடித் தரவும் ஒரு விற்பனைப் பொருள்தான். தகவல் நிறுவனங்கள் கட்டணம் செலுத்தி வாங்குகின்றன.

மதியக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த நண்பரின் மனைவி எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இந்த வெலைய யாரு பேசி முடிவு பண்ணுறது?"

யாரும் பேசுவதில்லை, வாங்குபவரும் விற்பவரும் கேட்கும் தொகை பொருந்தினால் கணினியே முடித்துவிடும், 1997 முதல் அப்படித்தான் என்றேன்.

சொல்லும்போதே கூச்சமாயிருந்தது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகள் இணக்கமின்றி முடிந்ததாக எத்தனை முறை செய்தி எழுதியிருப்பேன்! இறுதியில் சம்பள நிர்ணய சபையின் வழியே வர்த்தமானி வெளிவந்தது 2021 மார்ச்சில்.

"நம்ம ஆயிரம் ரூவாக்கு ஆறு வருசமாச்சே" என்றார் அவர்.

திரையில் எண் மீண்டும் மாறியது. மலைக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்.